மண்ணை மூடும் கூட்டணி

பள்ளி மைதானத்தின் ஓரம், அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், சாலை நடுவே உள்ள தடுப்பு என்று நகரத்தில் வெறுமையாகக் கிடக்கும் மண் ஏராளம். வெயில் காலத்தில் அது புழுதி, மழைக்காலத்தில் சேறு. மழைத்துளி நேராக மோதும்போது மண்கட்டிகள் சிதறுகின்றன. அந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் பொருக்காக இறுகுகின்றன. அடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் சாக்கடைக்கு ஓடிவிடுகிறது.

நர்சரியில் வாங்கும் மெக்சிகன் புல்லும் கொரியன் புல்லும் மண்ணை மூடும்தான். ஆனால் கோடையில் பச்சை வாடாதிருக்கத் தொடர்ந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். தேன் தேடி வரும் பூச்சிக்கு அங்கே வேலையில்லை. இதற்கு மாற்று, நம்மூர்த் தரைச்செடிகளைக் கலந்து வளர்ப்பது.

இந்தக் கலவையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. அருகம்புல் மேலும் கீழும் தண்டோட்டி மண்ணைப் பின்னிப் பிடிக்கிறது. பொடுதலை கணுவுக்குக் கணு வேர்விட்டு இடைவெளிகளை மூடுகிறது. வறட்சியையும் உப்புத்தன்மையையும் தாங்குகிறது. சிறுபுள்ளடி பயறுக் குடும்பம். அதன் வேர்முடிச்சு பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை உரமாக்குகின்றன. நீலப் பூ விஷ்ணுகிராந்தி வறண்ட மேட்டிலும் பிழைக்கும். ஒன்று வாடும் பருவத்தில் இன்னொன்று இடத்தைப் பிடிப்பதால் மண் திறந்து கிடப்பதில்லை. பொடுதலைப் பூவுக்குத் தேனீ வரும். சிறுபுள்ளடி இலையைத் தின்று சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளரும்.

கலப்பின் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி, 1772 முதல் இருந்துவரும் தன் புல்வெளியில் ஒரு பகுதியைக் காட்டுப்பூ வெளியாக்கியது. 2023இல் வெளியான ஆய்வின்படி, ஒட்ட வெட்டிய புல்தரையைவிட அங்கே செடி, சிலந்தி, பூச்சி வகைகள் சுமார் மூன்று மடங்கு.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடுவது நல்லது. இறுகிய மண்ணைக் கொத்தி, மட்கிய எரு கலந்து, பொடுதலைக் கொடியைத் துண்டு துண்டாகச் சாண் இடைவெளியில் ஊன்றலாம். அருகம்புல் மற்றவற்றை அமுக்கிவிடும். அதைக் கொஞ்சமாகவே வைக்க வேண்டும். தரை மூடும்வரை பார்த்தீனியம் தலைகாட்டினால் பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். தரைச்செடிகள் பூத்து விதை உதிர்ந்த பிறகு, விரல் உயரம் விட்டு வெட்டினால் போதும்.

தினமும் பலர் நடக்கும் தடத்தில் எந்தச் செடியும் நிற்காது. அங்கே மட்டும் கல் பதித்துவிட்டால், மற்ற இடத்தைச் செடிகள் பார்த்துக்கொள்ளும்.