மாத்திரைக்கு முன் வாரக் கணக்கு

கேரளத்தின் தனுவச்சபுரத்திலிருந்து தமிழ்நாட்டின் களியக்காவிளை பக்கம்தான். வேண்டாத கர்ப்பம் என்று தெரிந்ததும், அறிந்தவர் கண்ணில் படாமல் எல்லை தாண்டிப் போய் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டால் போதும் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றலாம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த வழி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கருக்கலைப்புச் சட்டம்தான். அவள் தேடும் ரகசியத்தை அந்தச் சட்டமே தருகிறது.

எத்தனை வாரம்?

கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ இரண்டு வாரம் விடுபட்டுப்போகும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இந்தக் கணக்கு எளிதில் தப்பும். ஸ்கேன்தான் தீர்த்துச் சொல்லும்.

ஸ்கேனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் கருக்கலைப்பு மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. மாத்திரையால்தான் வயிறு வலிக்கிறது என்று அவள் பொறுத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டலாம். மருத்துவரைப் பார்க்காமல் மாத்திரை போடக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

மாத்திரை முறை

இந்தியாவில் 9 வாரம் வரை இதற்கு அனுமதி உண்டு. முதலில் மிஃபெப்ரிஸ்டோன், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனை அது தடுக்கிறது. ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். அது கர்ப்பப்பையைச் சுருக்கிக் கருவை வெளியேற்றுகிறது. மயக்க மருந்தும் கருவியும் தேவையில்லை. ஆனால் வலியும் ரத்தப்போக்கும் வீட்டிலேயே நடக்கும். ரத்தக் கசிவு இரண்டு வாரம்வரைகூட நீடிக்கலாம். நூற்றில் 95 பேருக்கு மேல் முழுமையாக முடிந்துவிடும். மற்றவர்களுக்கு மிச்சத்தை எடுக்கச் சிறு சிகிச்சை தேவைப்படும். அதனால் இரண்டு வாரத்தில் மறுபரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். கடும் ரத்தசோகை உள்ளவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள், காப்பர்-டி உள்ளே இருப்பவர்கள் முதலிலேயே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உறிஞ்சி எடுக்கும் முறை

சுமார் 12 வாரம் வரை வாக்வம் கருவியால் உறிஞ்சி எடுப்பார்கள். கத்தி வைப்பதில்லை, தையல் இல்லை. சில நிமிடங்களில் முடியும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். மாத்திரையைவிடத் தோல்வி குறைவு. தொற்றோ கர்ப்பப்பைக் காயமோ அரிதாக வரலாம். வீட்டில் தனிமை கிடைக்காதவர்களுக்கும், ராத்திரியில் ரத்தம் அதிகமானால் வண்டி பிடிக்க வழியில்லாதவர்களுக்கும் இதுவே நல்லது என்பேன். விரும்பினால் அப்போதே காப்பர்-டியும் போட்டுக்கொள்ளலாம். சுரண்டி எடுக்கும் பழைய டி அண்ட் சி முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

கையெழுத்து உங்களுடையது

18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. வயது குறைந்தவர்களுக்குக் காப்பாளர் சம்மதம் வேண்டும். 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தத்தின்படி, 20 வாரம் வரை சட்டம் சொல்லும் காரணங்களுக்காக ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை தவறியதும் அக்காரணங்களில் ஒன்று. குறிப்பிட்ட சில நிலைகளில் இருப்பவர்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை இடமுண்டு. திருமணமாகாதவர்களை இதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. உங்கள் பெயரைச் சட்டம் அனுமதிக்காத எவரிடமாவது மருத்துவர் சொன்னால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

உடனே போக வேண்டிய நேரம்

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், அல்லது காய்ச்சல், துர்நாற்றம், மயக்கம், தாங்க முடியாத வயிற்றுவலி எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகள் அருகில் இருக்கின்றன. பெரிய சிக்கலுக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை உண்டு. ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் மறைக்காதீர்கள். எதை, எப்போது, எத்தனை போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.