ஈரலுக்குள் ஒரு பங்காளிச் சண்டை!

வலிப்பு மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்தால்...

காக்காய் வலிப்பு உள்ளவர்களுக்குக் கையும் காலும் வெட்டி இழுப்பதுதான் துன்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சில நிமிஷத் துன்பம். மறுபடியும் எப்போது வருமோ, எங்கே விழுவோமோ என்ற கவலையோ நாள் முழுவதும் இருப்பது. இவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் சேர்ந்து வருகிறது.

ஆகவே, ஒருவரே இரண்டு டாக்டர்களிடம் போகிறார். இருவரும் தனித்தனியே சீட்டு எழுதுகிறார்கள். இரண்டு சீட்டு மாத்திரைகளும் ஒரே வயிற்றுக்குள்தான் போகின்றன. தொல்லை அங்கே ஆரம்பமாகிறது.

அண்ணனும் தம்பியும்

ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில், பாஸல் நகரில் கெய்கி என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. அங்கே பிறந்தது இமிப்ரமின். மனச்சிதைவு நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், பயன்படவில்லை. ஆனால், சோர்ந்து கிடந்தவர்கள் தெளிந்து எழுந்தார்கள்! டாக்டர் ரோலண்ட் கூன் 1957-ல் இதை வெளியிட்டார். அதே கம்பெனியில் வால்டர் ஷிண்ட்லர் என்ற ரசாயன நிபுணர் 1953-ல் தயாரித்த கார்பமாஸெபின், பின்னாளில் வலிப்பு மருந்தாயிற்று. இரண்டுக்கும் ரசாயன அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. குணத்தைப் பாருங்கள்: தம்பி வலிப்பை அடக்குகிறான்; அண்ணனோ அளவு மிஞ்சினால் வலிப்பை உண்டாக்குகிறான்!

இந்தப் பங்காளிகள் மோதும் இடம் ஈரல். மருந்துகளைச் சிதைத்து வெளியேற்ற அங்கே என்ஸைம்கள் என்னும் வேலையாட்கள் உண்டு. கார்பமாஸெபின், பெனிடாயின், பெனோபார்பிடோன் ஆகிய வலிப்பு மருந்துகள் இந்த ஆட்களைப் பெருக்கிவிடுகின்றன. அதன்பின் சோர்வு மாத்திரை விழுங்கினால், பல வகைகள் மூளையில் வேலை செய்யுமுன்பே பெருமளவு கரைந்துபோகின்றன. மருந்து பலிக்கவில்லை என்று நோயாளி வெறுத்துப்போகிறார். பாவம், மருந்தின்மேல் குற்றமில்லை!

குடிக்காமலே தள்ளாட்டம்

இதற்கு நேர்மாறானது, 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுவாக்ஸடின் என்ற சோர்வு மாத்திரை. இது ஈரல் ஆட்களின் கையைக் கட்டிப்போடுகிறது. பெனிடாயின் வெளியேற வழியின்றி ரத்தத்தில் தேங்குகிறது. பெனிடாயினோ பொல்லாத மருந்து. ஓர் எல்லையைத் தாண்டினால் மளமளவென்று ஏறிவிடும். கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். குடித்துவிட்டு வந்திருக்கிறாரோ என்று வீட்டாரே சந்தேகிப்பார்கள்!

புளுவாக்ஸடின் வகையோடு கார்பமாஸெபின் சேர்ந்தால் சிலருக்கு, முக்கியமாக வயோதிகர்களுக்கு, ரத்தத்தில் உப்புக் குறையும். அது மிகவும் குறைந்தால் அதனாலேயே வலிப்பு வரும்.

இதையெல்லாம் கேட்டு, சோர்வு மருந்தே வேண்டாம் என்று ஓடுவது சரியா? அந்தப் பயத்தில் டாக்டர்களே மருந்து தரத் தயங்கியது உண்டு. காரணமும் இல்லாமல் இல்லை. 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புப்ரோபியான், சிலருக்கு வலிப்பு வரவே, 1986-ல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அளவைக் குறைத்து 1989-ல் மீண்டும் வந்தது. வலிப்பு உள்ளவர்களுக்கு இன்றும் அது விலக்கு. ஆனால், எல்லாம் அப்படியல்ல. அமெரிக்க மருந்துச் சோதனைப் பதிவுகளைக் கென்னத் ஆல்பர் குழுவினர் அலசி 2007-ல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, பெரும்பாலான சோர்வு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு வலிப்பு குறைவாகவே வந்திருந்தது! அவர்கள் மனநோயாளிகளே தவிர, வலிப்பு நோயாளிகள் அல்ல என்பது மெய்தான். ஆயினும் பழைய பயம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. சண்டை குறைந்த ஸெர்ட்ரலின், எஸ்ஸிடலோப்ராம் போன்றவற்றை இப்போது டாக்டர்கள் துணிந்தே எழுதுகிறார்கள்.

இரண்டு சீட்டுகளையும் இரண்டு டாக்டர்களுமே பார்த்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது பேராபத்து. விடாத வலிப்பில் கொண்டு விடலாம். டாக்டரே படிப்படியாக நிறுத்தும்போதுகூடச் சண்டை உடனே ஓய்வதில்லை. பெருகிய ஆட்கள் குறைய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள், பழைய அளவிலேயே சாப்பிட்டு வரும் சோர்வு மாத்திரை ரத்தத்தில் ஏறத் தொடங்கியிருக்கும்.