ராகி முளைக்கும் காலம்

டிசம்பர் பிறந்ததுமே காரமடைக் கடைவீதியில் ஸ்டார்கள் தொங்கத் தொடங்கிவிடும். கேக் வந்துவிடும், கேரல் பாட்டும் வந்துவிடும். கோயிலுக்குள் போனால் நிலைமை வேறு. பீடத்தில் ஊதாத் துணி, சாமியாருக்கும் ஊதா உடுப்பு. ஞாயிறு பூசையில் 'வானவர் கீதம்' கிடையாது. குடில் போட்டிருந்தாலும் தீவனத்தொட்டி காலியாகத்தான் இருக்கும். வெளியே கிறிஸ்மஸ், உள்ளே திருவருகைக்காலம். எனக்கு அந்தக் காலித் தொட்டியின்மேல்தான் பிரியம் அதிகம்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் சேர்ந்ததுதான் இந்தக் காலம். பண்டிகை வரும் கிழமையைப் பொறுத்து 22 நாளும் ஆகலாம், 28 நாளும் ஆகலாம். முதலில் வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பேசும். டிசம்பர் 17-ஆம் தேதி முதல்தான் பெத்லகேம் பக்கம் முழுதாகத் திரும்பும். மார்கழி பிறப்பதும் ஏறக்குறைய அதே நாளில்தான். விடியற்காலையில் நீலகிரிப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கும்போது அரங்கநாதர் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். நாளுக்கொரு பாசுரமாக முப்பது பாசுரம். அதைக் கேட்டபடிதான் நான் செபப் புத்தகத்தைத் திறப்பேன். ஆண்டாள் தோழிகளை எழுப்புகிறாள். எங்கள் வாசகங்கள் விழித்திருக்கச் சொல்லி எங்களை எழுப்புகின்றன. இருட்டு விலகுமுன் எழுந்து ஆண்டவனுக்காகக் காத்திருப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்த ஊரில் கிறிஸ்தவளாக வளர்ந்ததை நான் கொடுப்பினையாகவே நினைக்கிறேன்.

அம்மாவைப் பெற்ற என் அம்முச்சிக்குத் திருவருகைக்காலம் ராகியில்தான் தொடங்கும். ஒரு கைப்பிடி ராகியை ராத்திரி ஊறப்போட்டு, ஈரத்துணியில் முடிந்துவைப்பார். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் தட்டத்தில் பொடிமண்ணும் சாணித்தூளும் பரப்பி, அதன்மேல் தூவி, வைக்கோலால் மூடுவார். சொம்பால் ஊற்றினால் விதை ஒருபக்கமாக ஒதுங்கிவிடும் என்று காலையும் மாலையும் விரல் நுனியால்தான் தண்ணீர். "தெளிச்சாச்சா கண்ணு?" என்பதுதான் அந்த நாட்களில் அவர் வாயில் வரும் முதல் பேச்சு. பத்து நாளில் விரல் உயரத்துக்குப் பச்சை எழும்பும். குடிலுக்கு அதுதான் புல்வெளி. இப்போது பிளாஸ்டிக் புல் விரிப்பு கடையிலேயே கிடைக்கிறது. நான் இன்னும் ராகிதான் போடுகிறேன். செபத்தில் மனம் ஒட்டாத நாளிலும் தண்ணீர் தெளித்தாக வேண்டும். சில நாள் அதுமட்டுமே என் செபம்.

காத்திருப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் மரியோன் பிரெசிலாக். 1842-இல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த குரு. எங்களுக்கு அன்னூர் வழியாகப் போகும் தூரத்தில் இருக்கும் கருமத்தம்பட்டியில், 1846 அக்டோபர் 4-ஆம் தேதி ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவைப் பகுதித் திருச்சபை அவர் பொறுப்பில் இருந்தது. இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகவும் ஆயர்களாகவும் வரவேண்டும் என்பதுதான் அவருடைய தீராத ஆசை. உடன் உழைத்த ஐரோப்பியர் பலர் அந்த வேகத்தை விரும்பவில்லை. சாதி வழக்கங்களை, உள்ளூர்ச் சடங்குகளை எதுவரை அனுமதிக்கலாம் என்ற பிணக்கும் சேர்ந்துகொண்டது. மனசாட்சி ஒப்பாமல் விலகல் கடிதம் கொடுத்தார். 1855-இல் உரோமை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே லியோனில் ஆப்பிரிக்காவுக்கான மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859-இல் ஃப்ரீடவுனில் கரையிறங்கி ஆறே வாரத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது வயது 45.

கோவைக்கு முதல் இந்திய ஆயராக உபகாரசாமி பொறுப்பேற்றது 1940-இல். கருமத்தம்பட்டித் திருநிலைப்பாட்டுக்கு 94 ஆண்டுகள் கழித்து!

பிரெசிலாக்குடையதைத் தோற்றுப்போன வாழ்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் காலத்தில் நாங்கள் அதிகம் வாசிக்கும் எசாயாவும் மெசியாவைக் கண்ணால் பார்த்தவரல்லவே. தாம் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அதற்காகவே உழைத்தவர்களின் குரல்தான் நான்கு வாரமும் கோயிலில் கேட்கிறது. கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்று ஆண்டவரோடு மல்லுக்கட்டும் நாட்களில் இவர்கள்தான் எனக்குத் துணை. காத்திருக்கும் பழக்கம் இல்லாமல் டிசம்பர் முதல் தேதியே பண்டிகையைத் தொடங்கிவிட்டால், 25-ஆம் தேதி வரும் குழந்தையிடம் கேட்பதற்கு நம்மிடம் என்ன மிச்சம் இருக்கும்?

டிசம்பர் 22-ஆம் தேதி மரியாவின் பாடல் வாசிக்கப்படும். அதிகாரத்தில் இருப்பவர்கள் கீழே இறக்கப்படுவதையும், தாழ்த்தப்பட்டவர்கள் உயர்வதையும், பசித்தவர்கள் வயிறு நிறைவதையும் கர்ப்பிணிப் பெண்ணொருத்தி நடந்து முடிந்ததாகவே பாடுகிறாள். அதைக் கேட்கும்போது எனக்குத் தலித் கிறிஸ்தவர்களின் காத்திருப்பு ஞாபகம் வரும். 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது.

அரசை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துத் தனித்தனிக் கல்லறையில் புதைத்த பங்குகள் தமிழகத் திருச்சபையிலேயே உண்டு. பிரெசிலாக் காலத்துப் பிணக்கு இன்னும் தீரவில்லை. திருவருகைக்காலத்தில் எனக்காகக் கேட்க எத்தனையோ இருந்தாலும் முதலில் கேட்பது இது தீரவேண்டும் என்றுதான். தீர்வதை நான் இருந்து பார்ப்பேனா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

இந்த வாரம் எங்கள் பங்குக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஒன்று சொல்லப்போகிறேன். கேரல் குழு வழக்கமாகக் கடைசியாகப் போகும் தெருவுக்கு இந்த வருஷம் முதல் நாளே போவோம். வாசலில் நின்று இரண்டு பாட்டுப் பாடிவிட்டுத் திரும்ப வேண்டாம். அந்த வீடுகளில் உட்கார்ந்து, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.