லினக்ஸ் வழங்கல்களும் வீட்டுக் கணினியும்: உற்பத்தி, விநியோகம், உழைப்பு பற்றிச் சில குறிப்புகள்

2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்றோசொவ்ற் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு முதலான சில வன்பொருள்களைக் கட்டாய நிபந்தனையாக வேண்டிநிற்பது. இதன் விளைவாக, பழுது ஏதுமின்றி இயங்கிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள் ஒரே நாளிற் 'பழையன' ஆயின. 2014 ஆம் ஆண்டில் எமது ஆய்வுப் பணிக்கென வாங்கப்பட்டதும், நான்கு கிகாபைற் நினைவகமே கொண்டதுமான எமது வீட்டுக் கணினியும் அவற்றுள் ஒன்று. எமது கலாநிதிப் பட்ட ஆய்வேடும், அதன் பொருட்டுத் தொகுத்த நாட்டார் பாடல்களும் அதிலேயே உள்ளன. பொருளின் பயன்மதிப்பு அழியாதிருக்கையில் அதனைப் பயனற்றதாக்கும் அதிகாரம் உற்பத்தியாளனிடம் இருப்பது எவ்வாறு என்ற வினா எமக்கு எழுந்தது இச்சந்தர்ப்பத்திலேயே. பணியேற்பட்டோரின் ஆலோசனைக்கு மாறாக, புதிய கணினி வாங்காது, லினக்ஸ் வழங்கல்கள் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சித்துப் பார்க்கத் துணிந்தோம். அப்பரீட்சையினூடாகத் தெரியவந்தவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லினக்ஸ் பற்றி எமது சூழலில் இரு வகையான எழுத்துக்களே பெரும்பாலும் காணப்படுகின்றன. ஒன்று, எந்தச் சாவியை எப்போது அழுத்துவது என்பதோடு நின்றுவிடும் கைந்நூல் எழுத்து. மற்றையது, லினக்ஸை முதலாளித்துவத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பொதுவுடைமைத் தீவாகக் கொண்டாடும் எழுத்து. முன்னையது பொருளைக் காண்கிறது, உறவுகளைக் காண்பதில்லை. பின்னையது உறவுகளைக் கற்பனை செய்துகொள்கிறது. இரண்டாவது போக்கு முற்போக்கு வட்டாரங்களிலேயே கூடுதலாக இருப்பதால் அதனையிட்டு நாம் சற்று எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

முதலிற் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். லினக்ஸ் என்பது கண்டிப்பான பொருளில் ஒரு கரு மாத்திரமே. கணினியின் செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றுக்கும் அவற்றைப் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று பங்கீடு செய்வது அக்கரு. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் 1991 ஓகஸ்ற் 25 இல் தமது முயற்சியைப் பகிரங்கப்படுத்தியபோது, பேராசிரியர் அன்ட்றூ ரனென்பாம் கற்பித்தலுக்காக ஆக்கிய மினிக்ஸ் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. ஆயின், கரு மட்டும் கொண்டு ஒரு கடிதந்தானும் எழுத முடியாது. அதனைச் சூழவேண்டிய கருவிகளிற் பெரும்பகுதியை, 1983 இல் றிச்சாட் ஸ்ரோல்மன் தொடக்கிய க்னூ திட்டம் அதற்கு முன்னரே ஆக்கி வைத்திருந்தது. 1989 இல் வெளிவந்த க்னூ பொதுமக்கள் உரிமம், மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பரப்பவும் இடமளித்ததோடு, மாற்றிப் பரப்புவோர் அதே உரிமையைப் பிறர்க்கும் வழங்கவேண்டும் என்று விதித்தது. பதிப்புரிமைச் சட்டத்தை அதன் நோக்கத்துக்கு எதிராகவே திருப்பிய உபாயம் இது. ரோவால்ட்ஸ் தமது கருவை 1992 இல் இவ்வுரிமத்தின் கீழ்க் கொணர்ந்தமையே பின்னைய வளர்ச்சிக்கு அடிப்படை எனலாம்.

கரு, க்னூ கருவிகள், டெஸ்க்ரொப் சூழல், எழுத்துருக்கள், நிரற்பொதிகளைத் தருவிக்கும் களஞ்சியம், நிறுவும் நிரல் ஆகிய யாவற்றையும் பொருத்தமுறத் தொகுத்து ஒரே கோப்பாகத் தருவதுதான் 'வழங்கல்'. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், பொருளியலார் 'விநியோகம்' எனும் பொருளிற் கையாளும் அதே சொல் என்பது கவனிக்கத்தக்கது. உற்பத்தி, விநியோகம், பரிவர்த்தனை, நுகர்வு என்பவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கொண்ட பொருளியலாரை 1857 இல் எழுதிய அறிமுகவுரையிலே மாக்ஸ் விமர்சித்தார். விநியோகத்தின் அமைப்பு உற்பத்தியின் அமைப்பினால் நிர்ணயிக்கப்படுவது என்று காட்டினார். சொல்லொற்றுமை தற்செயலானதே. எனினும் எமது பரீட்சை முழுவதிலும் அக்கூற்று எம்மைத் தொடர்ந்து வந்தது.

பரீட்சிக்கும் முறை எளிது. வழங்கலின் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி ஒரு பென் டிறைவில் எழுதிக்கொண்டு, கணினியை அதிலிருந்து தொடக்கினால், வட்டிலுள்ளவற்றைத் தொடாமலே அவ்வழங்கல் நினைவகத்தில் இயங்கும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த நொப்பிக்ஸ், இறுவட்டிலிருந்தே இவ்வாறு இயங்கிப் பெயர்பெற்றது. வயர்லெஸ் இணைப்பு, ஒலி, அச்சுப்பொறி, தமிழ் உள்ளீடு என்பனவற்றை இந்நிலையிலேயே சோதித்துக்கொள்ளலாம். இரு முறைமைகளை ஒரே வட்டில் வைத்திருத்தலும் இயலும். எனினும் வட்டைப் பிரிக்கும் கட்டத்திலே தவறான ஓர் அழுத்தல் எல்லாவற்றையும் அழித்துவிடும். நாம் ஆய்வேட்டை இரண்டு வேறு இடங்களிற் பிரதிசெய்த பின்னரே அக்கட்டத்துக்குச் சென்றோம். அப்போதும் கை நடுங்கியதை மறைப்பதற்கில்லை.

முதலில் உபுண்டு. 2004 ஒக்ரோபரில் இதன் முதல் வெளியீடு வந்தது. தென்னாபிரிக்கரான மாக் ஷட்டில்வேத் தமது நிறுவனத்தை விற்றுப் பெற்ற செல்வத்தைக் கொண்டு இதனைத் தொடக்கினார். பெயரோ, மனிதர் பிற மனிதராலேயே மனிதராகின்றனர் எனும் கருத்துடைய ஆபிரிக்கச் சொல். 2011 வரை இறுவட்டுக்களைத் தபாற் செலவுமின்றி உலகெங்கும் அனுப்பிவைத்தனர். இணைய வேகம் குன்றிய நாடுகளில் லினக்ஸ் பரவியதில் அவ்வுறைகளுக்குள்ள பங்கு சிறிதன்று. எமது கணினியில் உபுண்டு இயங்கிற்று, ஆயினும் தயங்கித் தயங்கி. அதன் டெஸ்க்ரொப் நான்கு கிகாபைற்றின் பெரும்பகுதியைத் தானே உண்டது. அன்றியும், ஃபயர்ஃபொக்ஸ் முதலிய சில நிரல்களை அது 'ஸ்னப்' எனும் பொதிமுறையிலே தருகிறது. அப்பொதிகளின் களஞ்சியமோ உபுண்டுவின் உரிமை நிறுவனமான கனோனிக்கலின் கையில் மட்டும் உள்ளது. நிரல் திறந்ததாயிருக்க, அது வந்துசேரும் வாயில் ஒருவரிடம் இருக்கும் நிலை இது.

இங்கேதான் லினக்ஸின் தனித்தன்மையான ஒரு நிகழ்வைக் காண்கிறோம். உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு 2006 இல் தோன்றிய லினக்ஸ் மின்ற், 2020 முதல் ஸ்னப்பை இயல்பு நிலையில் தடுத்துவைத்துள்ளது. 2011 இல் க்னோம் எனும் டெஸ்க்ரொப் தன் தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, அதனை ஏற்க விரும்பாத மின்ற் குழுவினர் சின்னமன் எனும் தமது சூழலைப் பிரித்தெடுத்தனர். அதற்குச் சற்று முன்னர், 2010 இல், சண் நிறுவனத்தை ஒறக்கிள் கைக்கொண்டதையடுத்து ஓப்பின் ஒபிசிலிருந்து லிப்ரே ஒபிஸ் பிரிந்ததும் இவ்வாறே. பண்டச் சந்தையில் அதிருப்தியுற்ற நுகர்வோன் வேறு பண்டத்தை வாங்கலாம், அவ்வளவே. இங்கு அவன் உற்பத்திச் சாதனத்தையே பிரதிசெய்து எடுத்துக்கொண்டு வெளியேறலாம். ஆனால் வெளியேறிய பின்னர் அதனைப் பேணும் உழைப்பு எங்கிருந்து வரும் என்பதைப் பிரிவினையைப் போற்றுவோர் பெரும்பாலும் கேட்பதில்லை. மின்ற்றின் எக்ஸ்.எவ்.சி.ஈ. பதிப்பு எமது கணினியில் இலகுவாக ஓடிற்று என்பதையும் இவ்விடத்திலே குறிப்பிட்டுவிடலாம். விண்டோஸ் பழகிய கை அதில் தடுமாறுவதில்லை.

உபுண்டுவுக்கும் அடித்தளமாக இருப்பது டெபியன். 1993 இல் இயன் மேடொக் தொடக்கிய இவ்வழங்கலுக்கு உரிமையாளரான கம்பனி எதுவும் இல்லை. எழுதப்பட்ட யாப்பும், 1997 இல் ஏற்கப்பட்ட சமூக ஒப்பந்தமும், வாக்குரிமையுள்ள உறுப்பினர்களும் உண்டு. கூட்டு உழைப்பின் அமைப்பு வடிவம் பற்றிச் சிந்திப்போர் எல்லாவற்றுக்கும் முதலில் நோக்கவேண்டியது டெபியனையே என்பது எமது கருத்து. 2021 இல் ஒருமுறை இதனை நிறுவ முயன்றோம். வயர்லெஸ் அட்டை அசையவில்லை. அட்டையைச் செய்த நிறுவனம் அதனை இயக்கும் நிலைபொருளின் மூலநிரலை வெளியிடாதிருந்தமையால், டெபியனின் கொள்கை அதனை நிறுவும் கோப்பிலே சேர்க்க இடந்தரவில்லை. கொள்கையின் தூய்மையை அன்று மனத்தால் மெச்சினோம். கையாலோ, முன்னறையிலிருந்து படிப்பறை வரை வலையமைப்புக் கம்பியை இழுத்தோம். இச்சிக்கல் எம்முடையது மாத்திரமன்று. 2022 இல் உறுப்பினர்கள் இது குறித்து வாக்களித்து, அத்தகைய நிலைபொருளை உத்தியோகபூர்வ நிறுவற்கோப்பிற் சேர்ப்பதென முடிவு செய்தனர். 2023 யூனில் வந்த டெபியன் 12 அம்மாற்றத்துடன் வெளியாயிற்று. இதனைச் சந்தர்ப்பவாதம் என்போர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வன்பொருளின் உற்பத்தி முற்றாக வேறொரு வர்க்கத்தின் கையில் இருக்கும்போது, மென்பொருளில் மட்டும் தூய்மை பேணுவது, கணினியே இல்லாதவனுக்கு அல்லது வசதியான கணினி உடையவனுக்குத்தான் இயலும். விநியோகத்தை உற்பத்தி நிர்ணயிக்கிறது என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணத்தை நாம் வீட்டுக்குள் கண்டதில்லை.

ஆர்ச் எனும் வழங்கலையும் ஒரு வார இறுதியில் தொட்டுப்பார்த்தோம். எல்லாவற்றையும் பயனரே கட்டளைகளால் அமைத்துக்கொள்ள வேண்டும். அதன் கையேடு மிகச் சிறந்தது. எமது பொறுமை அத்தகையதன்று. பெடோறாவோ செம்மையாக இயங்கிற்று, ஆயின் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு. அதற்கு ஆதரவளிப்பது றெட் ஹற் நிறுவனம். 2019 இல் ஐ.பி.எம். அதனை 3400 கோடி டொலருக்கு வாங்கிற்று. அடுத்த ஆண்டின் இறுதியில், றெட் ஹற்றின் வணிக வழங்கலுக்கு இலவசப் பிரதியாக விளங்கிய சென்ற் ஓ.எஸ்.ஸின் வழமையான வடிவம் கைவிடப்படும் என்ற அறிவித்தல் வந்தது. 2023 இல் வணிக வழங்கலின் மூலநிரலைப் பெறும் பொது வழியும் குறுக்கப்பட்டது. உரிமம் மாறவில்லை, உரிமத்தின் எழுத்துக்கும் அதன் நோக்கத்துக்கும் இடையிலான இடைவெளியை மூலதனம் கண்டுகொண்டது.

யார் உழைக்கின்றனர் என்ற வினாவுக்கு இனி வருவோம். தன்னார்வலர் ஓய்வுநேரத்தில் ஆக்குவது லினக்ஸ் என்ற படிமம் தொடக்க ஆண்டுகளுக்கே பொருந்தும். இன்று கருவுக்குச் சேரும் மாற்றங்களிற் பெரும்பாலானவை பெரு நிறுவனங்களின் சம்பளம் பெறும் நிரலாளர்களுடையவை. 2001 இல் மைக்றோசொவ்ற்றின் தலைமை அலுவலர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். 2016 இல் அதே நிறுவனம் லினக்ஸ் அமைப்பில் உறுப்பினராயிற்று. 2017 நவம்பரிலிருந்து உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் உள்ளவை யாவும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. பொதுச்சொத்து மூலதனத்துக்கும் மலிவான அடித்தளம் ஆகிவிட்டது.

அவ்வடித்தளத்தின் சில கற்களையோ எவரும் கவனிப்பதில்லை. கோப்புக்களைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்.' எனும் சிறு கருவித்தொகுதி அநேகமாக எல்லா வழங்கல்களிலும் உண்டு. அதனைப் பேணியவர் ஒரே ஒருவர், ஊதியமின்றி. களைப்புற்றிருந்த அவருக்கு உதவுவதாக வந்து, ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கை தேடிக்கொண்ட புனைபெயர் ஆளொன்று அதனுள் இரகசிய வாயிலொன்றைப் புகுத்திற்று. 2024 மார்ச் 29 இல் அது அம்பலமானது, மைக்றோசொவ்ற்றிற் பணிபுரியும் ஒரு பொறியியலாளர் தமது சோதனையொன்றில் அரை வினாடித் தாமதத்தைக் கவனித்தமையால். டெபியனினதும் பெடோறாவினதும் பரீட்சார்த்தப் பதிப்புக்களில் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. மூலநிரல் திறந்திருந்ததாலேயே கண்டுபிடிக்க முடிந்தது என்பது உண்மை. கூலியற்ற ஓர் உழைப்பாளியின் களைப்பே வாயிலைத் திறந்தது என்பதும் அதேயளவு உண்மை.

இறுதியாகத் தமிழ். டெபியனை எக்ஸ்.எவ்.சி.ஈ. உடன் நிலையாக நிறுவி, ஆய்வேட்டை லிப்ரே ஒபிசில் திறந்தோம். பக்கம் முழுவதும் உரோமன் எழுத்துக்கள். 'அம்மா' எனும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எனும் ஐந்து குறிகளாய்க் கிடந்தது. குற்றம் லினக்ஸினுடையதன்று. நாம் அதனைப் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்திருந்தோம். அவ்வகை எழுத்துருக்களிற் சேமிக்கப்படுவது உரோமன் குறிகளே. அவற்றின்மேல் தமிழ் வடிவங்கள் வெறும் போர்வையாக இடப்பட்டுள்ளன. போர்வை நீங்கியதும் எமது நூல் எமக்கே அந்நியமாயிற்று. லினக்ஸ் அறிவிக்கப்பட்ட அதே 1991 இல் வெளிவந்த யுனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. இருந்தும், அதன்பின் நெடுங்காலம் அச்சகங்களும் திணைக்களங்களும் பல்கலைக்கழகங்களும் பழைய எழுத்துருக்களிலேயே பணி செய்தன; நாமும் செய்தோம்.

பாமினி எழுத்துருவைப் புதிய முறைமையிற் பிரதிசெய்ததும் வாசிக்க முடிந்தது. ஆனால் அதனோடு நின்றுவிட மனம் ஒப்பவில்லை. யுனிக்கோட்டுக்கு மாற்றும் நிரலொன்றினூடாக அத்தியாயங்களைச் செலுத்தினோம். எகர ஏகார ஐகாரக் குறிகள் பாமினியில் மெய்க்கு முன்னர் நிற்பன. அவற்றை நிரல் பெரும்பாலும் சரியாகவே பின்தள்ளிற்று. இடர் வேறிடத்தில் வந்தது. ஆய்வேட்டில் ஆங்கில மேற்கோள்களும் இருந்தன. தமிழையும் ஆங்கிலத்தையும் வேறுபடுத்தியது எழுத்துருவின் பெயர் ஒன்றே. அது நீங்கியபின் நிரலுக்கு இரண்டும் ஒன்றாகையால், மேற்கோள்கள் யாவும் உச்சரிக்கவியலாத் தமிழாயின. அவற்றை அச்சுப் பிரதியுடன் ஒப்புநோக்கி, ரெங்கநாதன் விசைப்பலகையிலே வரிவரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம். அவ்விசைப்பலகை அமைப்பை டெபியனின் களஞ்சியத்திலிருந்து பெற்றோம். நான்கு அத்தியாயங்கள் முடிந்துள்ளன. நாட்டார் பாடற் பின்னிணைப்பு எஞ்சியிருக்கிறது. கணினி இப்போதைக்கு நன்றாகவே இயங்குகின்றது.