காது கொடுப்பதற்கும் ஓர் அளவு

சொந்த ஊரில் ஒருவருக்குத் துக்கம் வந்தால் காலையில் திண்ணையில் ஒருவரிடம், மாலையில் கடைத்தெருவில் ஒருவரிடம், இரவில் மைத்துனரிடம் என்று பத்துப் பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வார். நம்மைப் போல் வெளியூரில் வாழ்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே நாக்பூரில் அலுவலகத்துக்கு இந்தி போதும், காய்கறி வாங்க மராத்தி போதும். ஆனால் மனம் விட்டு அழுவதற்குத் தாய்மொழிதான் வேண்டியிருக்கிறது. ஆகவே பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பாரம் ஒரே ஒரு தமிழ் நண்பரின் தலையில் இறங்கிவிடுகிறது. சில மாதங்கள் அந்த ஒருவராக நான் இருந்தேன். அதில் செய்த தவறையும் கற்ற பாடத்தையும் நம் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நண்பருக்கு என் வயதுதான். மனைவி காலமாகிவிட்டார், மகள் வெளிநாட்டில். தினமும் இரவு ஒன்பதரை மணிக்கு எனக்குப் போன் செய்வார். முதல் மாதம் முழு மனத்துடன் கேட்டேன். மூன்றாவது மாதம் பேச்சு பதினொன்றரை வரை நீண்டது. ஆஸ்பத்திரியில் நடந்த அதே சம்பவங்கள், அதே கேள்விகள். எனக்குத் தூக்கம் கெட்டது. ரத்த அழுத்தம் ஏறியது. போன் மணி அடித்தாலே எரிச்சல் வந்தது. தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துக்கொண்டே "உம், உம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பிறகு என் மனைவியை விட்டு, "அவர் குளிக்கிறார்" என்று சொல்ல வைத்தேன். இரவு பத்து மணிக்கு யார் குளிப்பார்கள்? நண்பருக்குப் புரிந்துவிட்டது. போன் நின்றது.

இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு சங்கக் கூட்டத்தில் ஒருவர், "அவர் கோயிலுக்குக்கூட வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை" என்றார். மறுநாளே வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கோபமாகப் பேசவில்லை. "நான் உங்களுக்குத் தொந்தரவா இருக்கேன்னா நீங்களே சொல்லியிருக்கலாமே சார். அம்மாவைப் பொய் சொல்ல வச்சீங்களே" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்று வீடு திரும்பும்போது என் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. பழைய முறையில் 13 மீட்டர் தண்டவாளங்களை இணைக்கும்போது இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுவோம். சூடு 40 டிகிரி ஏறினால் அந்த நீளத் தண்டவாளம் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். இடைவெளியே விடாமல் முட்ட வைத்தால் வெயிலில் பாதை வளைந்து நெளிந்துவிடும். அதிகமாக விட்டாலோ, ஒவ்வொரு சக்கரமும் இடித்து இடித்துத் தண்டவாளத்தின் முனை நசுங்கும். நட்பிலும் நான் இந்த இரண்டு தவறுகளையும் செய்திருந்தேன். முதலில் இடைவெளியே விடவில்லை. பிறகு ஒரேயடியாக விலகிவிட்டேன். அளவாக இடைவெளி விடுவது பிரிப்பதற்கல்ல, பாதை நிலைப்பதற்கு.

சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல் லண்டனில் 'சமாரிட்டன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மனம் உடைந்தவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதே அதன் தொண்டர்களின் வேலை. சென்னையில் 1986 முதல் 'சிநேகா' அமைப்பும் இத்தகைய பணியைச் செய்து வருகிறது. சமாரிட்டன்ஸ் தொண்டர்கள் ஷிப்ட் முறையில்தான் கேட்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் தங்கள் மனத்தில் தங்கியதை மூத்த தொண்டர் ஒருவரிடம் சொல்லி இறக்கிவைக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த ஏற்பாடு தேவை என்றால், நாம் அலுத்துப்போவது அன்பில்லாமையால் அல்ல என்பது விளங்கும்.

பிறகு நான் கடைப்பிடித்தவை இவை:

முதலாவது, நேரத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுவது. "ராத்திரியில என்னால முழுசா கேட்க முடியல சார். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க, சேர்ந்து நடப்போம். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத்தான்" என்றேன். நண்பரின் முகம் வாடியது. பத்து நாள் வரவில்லை. பிறகு வந்தார். அரைக் காதுடன் தினமும் கேட்பதைவிட, முழுக் காதுடன் வாரம் இருமுறை கேட்பது மேல்.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் தீர்வு சொல்ல முயலாதது. எஞ்சினியர் புத்தி உடனே பழுது பார்க்கத் துடிக்கும். மனைவியை இழந்த துக்கத்துக்கு என்னிடம் ஸ்பானர் கிடையாது. கேட்டால் போதும் என்று தெரிந்ததும் எனக்கே பாதிப் பாரம் குறைந்தது.

மூன்றாவது, சுமையைப் பங்கிடுவது. ஒரு கிலோமீட்டர் பிரதானப் பாதையில் 1,660 ஸ்லீப்பர்கள் உண்டு. ரயிலின் எடையை எந்த ஒரு ஸ்லீப்பரும் தனியாகத் தாங்குவதில்லை. நண்பரின் சம்மதத்துடன் சங்கத்தில் இன்னும் இருவரிடம் சொன்னேன். ஒருவர் ஞாயிறு சாப்பாட்டுக்கு அழைத்தார். மற்றவர் சங்க நூலகப் பொறுப்பைக் கொடுத்தார். ஆனால் என்னிடம் ரகசியமாகச் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும்கூட.

நான்காவது, ஆபத்துக்கு இந்த அளவெல்லாம் கிடையாது. "வாழ்ந்து என்ன பயன்?" என்ற பேச்சு வந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. உள்ளே புழுங்குவது வெளியே வர வழி கிடைக்கும். "ஆம்" என்றால் தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நண்பரிடம் இந்த எண்ணைக் கொடுத்து, "அப்படி ஒரு எண்ணம் வந்தா நடுராத்திரியானாலும் எனக்கும் போன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்றும் செவ்வாய், வெள்ளி நடக்கிறோம். முன்பெல்லாம் அந்த ஒரு மணி நேரமும் நண்பரே பேசுவார். போன வாரம் பாதி வழியில் நின்று, "உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு சார்?" என்று விசாரித்தார். அன்று மீதி தூரம் நான் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.