அப்டேட்டுக்கும் ஒரு பாடவேளை

அன்று ஏழாம் வகுப்புக்கு அறிவியல் தேர்வு. வினாத்தாளை முந்தைய நாள் மாலையே தட்டச்சு செய்து பள்ளிக் கணினியில் சேமித்து வைத்திருந்தேன். காலை 9 மணிக்கு அச்செடுக்கலாம் என்று கணினியை இயக்கினால், அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் ஓர் அறிவிப்பு. 27 சதவீதம் என்று காட்டியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 30. பொறுமை இழந்து ஸ்விட்சை அணைத்துவிட்டேன். மீண்டும் இயக்கியபோது, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக வேறோர் அறிவிப்பு வந்து, மதியம் வரை சுற்றிக்கொண்டே இருந்தது. வினாக்களைக் கரும்பலகையில் எழுதித்தான் தேர்வை நடத்தி முடித்தேன்.

நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி சொன்னாள்: "எங்க அப்பா சூளை பத்தவச்சா நடுவுல நிறுத்தவே மாட்டாங்க சார். சூடு ஆறுறதுக்குள்ள திறந்தா எல்லாம் விரிசல் விட்டுடும். அதனால எல்லாம் தயாரா இருக்கான்னு பாத்துட்டுத்தான் பத்தவைப்பாங்க."

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். ஃபியூஸ் கட்டை முதல் பொம்மை வரை இங்கே செய்கிறார்கள். சூளையோடு வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று, பல ஆண்டுகள் கணினியைப் பயன்படுத்திய எனக்குத் தெரியாமல் போயிற்று. அப்டேட்டும் சூளை போலத்தான். தொடங்கும் நேரத்தை நாம் குறிக்க வேண்டும். தொடங்கிய பிறகு கை வைக்கக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புதிய கோப்புகள் பின்னணியில் பதிவிறங்குகின்றன. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பை அப்போதே மாற்ற முடியாது. ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்ற முடியுமா? அதனால்தான் கணினி மறுதொடக்கம் கேட்கிறது. வேலையில் ஒரு பகுதி அணைக்கும்போதும் மறு பகுதி அடுத்து இயக்கும்போதும் நடக்கும். முந்தைய மாலை அவசரத்தில் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்பதை அழுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவன் நான். மீதி வேலைதான் மறுநாள் காலை என் வினாத்தாளை மறித்து நின்றது. நடுவில் மின்சாரம் போனால் கணினி பழைய நிலைக்குத் திரும்ப முயலும். பெரும்பாலும் திரும்பிவிடும், சில வேளைகளில் இயங்காமலே போவதும் உண்டு.

அப்டேட்டே வேண்டாம் என்றால்?

இந்தத் தொல்லைக்கு அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். 2017-இல் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்று வெளியானது. மே 12 அன்று 'வானாகிரை' என்னும் தீநிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. இரண்டு மாதங்களுக்கு முன் வந்த அப்டேட்டை ஏற்றியிருந்த கணினிகளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது.

எல்லா அப்டேட்டும் நல்லதாகவே முடியும் என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இந்த இரண்டிலிருந்தும் நமக்குக் கிடைக்கும் பாடம்: அப்டேட்டைத் தவிர்க்க வேண்டாம், ஆய்வகத்தில் முதலில் ஒரே ஒரு கணினியில் ஏற்றி, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு ஏற்றலாம்.

நேரத்தை நாமே குறிப்போம்

விண்டோஸின் மாதாந்திர அப்டேட் அமெரிக்க நேரப்படி ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நமக்கு அது அன்று இரவோ மறுநாளோ வந்து சேரும். ஆகவே அதை அடுத்து வரும் ஒரு மாலையை மாதம் ஒரு முறை இதற்கென்று ஒதுக்கிவிடலாம்.

விண்டோஸ் அப்டேட் அமைப்பில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒன்று உண்டு. அதில் பள்ளி நேரத்தைக் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. 18 மணி நேரம் வரை குறிக்கலாம். தேர்வு வாரத்திலோ மதிப்பெண் பதிவேற்றும் நாள்களிலோ 'பாஸ்' கொடுத்து ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைப்பவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவைத்தால், நம் டேட்டாவைப் பெரிய அப்டேட்டுகள் விழுங்காது.

தொடங்குமுன் முக்கியக் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

துணைக்கருவிகள்

யுபிஎஸ் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அப்டேட்டைத் தொடங்குகிறோம். பள்ளிகளில் உள்ள சிறிய யுபிஎஸ், வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பதற்கான சில நிமிடங்களைத்தான் தரும். ஒரு மணி நேர அப்டேட்டை அது தாங்காது. மின்தடை அறிவித்திருக்கும் நாளைத் தவிர்ப்பதே நல்லது. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது.

அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் அச்சிட மறுத்தால் உடனே பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். இயல்புநிலை பிரிண்டராக வேறொன்று மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசியாகப் பயன்படுத்தியதையே இயல்புநிலையாக வைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு விண்டோஸில் உண்டு; அதை அணைத்துவிடலாம். அதுவும் இல்லையென்றால், பிரிண்டரின் டிரைவரை அதன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மீண்டும் நிறுவுங்கள்.

பென் டிரைவ் பல பள்ளிகளுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் போய்வரும் பொருள். செருகியவுடன் திறக்காமல் வைரஸ் சோதனை செய்யுங்கள். எடுக்கும்போது 'எஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள்.

எழுத்து கட்டமாகிவிட்டதா?

பழுதான கணினியை ஃபார்மேட் செய்தபின் நம் பழைய வினாத்தாள்கள் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதுண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அவை. அந்த எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். இனி உருவாக்குவதை யூனிகோடில், தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சு செய்தால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். அச்சுக்கு அனுப்பும் நகலைப் பிடிஎஃப் ஆக மாற்றிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

பழைய கணினிகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் தேவை. இரண்டும் இல்லாத கணினியை ஓரங்கட்டிவிட வேண்டியதில்லை. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் சேர்ந்தே வந்தது. தட்டச்சு, விளக்கப்படம், இணையம் ஆகியவற்றுக்கு லினக்ஸ் போதும். மாற்றுவதற்கு முன் கோப்புகளை நகலெடுக்க மறக்காதீர்கள்.

இப்போது எங்கள் ஆய்வகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். மாதம், கணினி எண், நகல் எடுத்த தேதி, அப்டேட் முடிந்த தேதி என்று நான்கு கட்டங்கள். எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட அதே மாணவிதான் அதை நிரப்புகிறாள். சென்ற மாதம் நான் கணினி முன் அமர்ந்தபோது, "நாளைக்குத் தேர்வு இருக்கு சார், இன்னிக்கு வேணாம்" என்று தடுத்தவளும் அவளே.