87-ஆல் வகுத்த ரயில்

உங்கள் கையில் பணத்தைக் கொடுத்து, "பிடித்த பொம்மை ரயிலை வாங்கிக்கொள்" என்று சொன்னால் எதை எடுப்பீர்கள்? வேகமாக ஓடுவதையா, புகை விடுவதையா, நிறைய பெட்டிகள் உள்ளதையா? மாதிரி ரயில் சேகரிப்பவர்கள் கடைக்குள் போனதும் முதலில் தேடுவது இதையெல்லாம் இல்லை. அட்டைப்பெட்டியின் மூலையில் சின்னதாக அச்சடித்திருக்கும் ஓர் எண்ணைத்தான் தேடுவார்கள். 1:87, 1:160, 1:220 என்று ஏதாவது ஒன்று இருக்கும். வீட்டில் இருக்கும் ரயில்களின் எண்ணோடு அது பொருந்தவில்லையா? இன்ஜின் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

1:87 என்றால் நிஜ ரயிலின் ஒவ்வொரு அளவையும் 87-ஆல் வகுத்துச் செய்த மாதிரி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்த பழைய நீலநிறப் பெட்டியில் பயணம் செய்திருப்பீர்கள். அதன் நீளம் சுமார் 21.3 மீட்டர். 87-ஆல் வகுத்தால் இருபத்து நாலரை சென்டிமீட்டர். 160-ஆல் வகுத்தால் 13.3 சென்டிமீட்டர். 220-ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரே பெட்டி என்றால் எல்லாமே மேசையில் அடங்கும். 24 பெட்டி கோத்த முழு ரயில் வேண்டும் என்றால்? 1:87-இல் அதற்கு ஆறு மீட்டர் நீள அறை வேண்டும். 1:160-இல் மூன்றேகால் மீட்டர் போதும். 1:220-இல் இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஆக, என்ன சேகரிக்கலாம் என்பதை ஆசைக்கு முன்னால் அறையின் சுவர் முடிவு செய்துவிடுகிறது. ஜப்பானில் வீடுகள் சிறியவை. அங்கே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் குட்டி ரயில்களுக்குத்தான் மவுசு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஷின்கான்சென் அதிவேக ரயில்களை 160-ஆல் வகுப்பார்கள். மற்ற ஜப்பானிய ரயில்களை 150-ஆல் வகுப்பார்கள். நிஜத்தில் சாதாரண ரயில்களின் பாதை 1067 மில்லிமீட்டர்தான், ஷின்கான்சென் பாதை 1435. இரண்டையும் ஒரே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்ட, கணக்கைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்கள்.

எண்ணை வைத்து ரயில் விற்கலாம் என்ற யோசனைக்குப் பெரிய வழி திறந்தது ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம். 1859-இல் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் செய்தது பொம்மை வீட்டுக்கான தகரச் சமையல் சாமான்கள். அடுப்பு வாங்கியவர் அடுத்த வருடம் பாத்திரம் வாங்க வருவார் இல்லையா? 1891-இல் லைப்சிக் வணிகச் சந்தையில் அதே உத்தியை ரயிலில் காட்டினார்கள். தண்டவாளத்தின் அகலத்தை நிலையாக வைத்துவிட்டால், இந்த வருடம் வாங்கிய பாதையில் அடுத்த வருட இன்ஜினும் ஓடும். தனித்தனிப் பொம்மையாக இருந்தது சேகரிப்பாக மாறியது அப்போதுதான். கெட்டிக்கார வியாபாரிகள்!

ஆனால் கணக்கு எல்லோருக்கும் ஒத்துழைக்கவில்லை. இங்கிலாந்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

உலகத்துக்கே முன்னோடியாக ரயில்பாதை போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். அதனால் அவர்களுடைய பாலங்களும் சுரங்கங்களும் குறுகலாகவும் தாழ்வாகவும் அமைந்துவிட்டன. அவற்றுக்குள் நுழைய வேண்டிய இன்ஜின்களும் ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒல்லியானவை. 1920, 30-களில் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு மாதிரி செய்யப் பார்த்தபோது, 87-ஆல் வகுத்த ஆங்கில இன்ஜினுக்குள் அந்தக் கால மின்மோட்டாரை நுழைக்க இடம் போதவில்லை. என்ன செய்தார்கள்? தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்ஜினை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். இன்ஜினை 76.2-ஆல் வகுத்தார்கள்.

இப்போது நிஜப் பாதையின் 1435 மில்லிமீட்டரை 76.2-ஆல் வகுத்துப் பாருங்கள். 18.83 வருகிறது. ஆனால் இன்ஜின் நிற்பதோ 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். பெரிய உடம்பு, ஒடுங்கிய கால்! ஹார்ன்பி நிறுவனம் 1938-இல் இந்த அளவில் ரயில்களை விற்கத் தொடங்கியது. அதில் ஏ4 வகை விரைவு இன்ஜினும் இருந்தது. அதே வருடம் ஜூலை 3-ஆம் தேதி அதே வகையைச் சேர்ந்த மல்லார்டு என்ற நிஜ இன்ஜின் மணிக்கு சுமார் 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, நீராவி இன்ஜின்களில் உலக சாதனை படைத்தது. பிறகு யார் தண்டவாளத்தின் அகலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்? பிரிட்டனில் இன்றுவரை பெரும்பாலோர் சேகரிப்பது இந்த அளவைத்தான். மோட்டார்கள் எவ்வளவோ சின்னதாகிவிட்ட பிறகும் மாறவில்லை. ஒருவர் அறுபது இன்ஜின் சேர்த்த பிறகு எண்ணை மாற்றச் சொன்னால் அடிக்க வருவார்! அதே நாட்டில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 18.83 மில்லிமீட்டர் தண்டவாளத்தைத் தாங்களே கையால் போட்டு, சக்கரங்களைக் கழற்றி அகலப்படுத்தி மாட்டிக்கொள்பவர்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரு தனி மரியாதை.

நம் ஊர் ரயிலுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் பெரியது. இந்தியாவின் பிராட் கேஜ் பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19.3 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. எனவே அந்தத் தண்டவாளத்தில் நம்முடைய பெட்டிகளை 1:87-இல் செய்து ஓட்டினால், முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே தள்ளி நிற்கும். அகலம் சரியாக இருக்க வேண்டுமானால் ரயிலை சுமார் 102-ஆல் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ஜெர்மன் ரயிலுக்கு முன்னால் நம் ரயில் தம்பி மாதிரி தெரியும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது? நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது வளைவு. நம் பிராட் கேஜ் பாதையில் 175 மீட்டர் ஆரத்தைவிடக் கூர்மையாக வளைக்கக் கூடாது என்பது ரயில்வேயின் விதி. 87-ஆல் வகுத்தாலும் அது இரண்டு மீட்டர் ஆரம். முழு வட்டம் போட்டால் குறுக்களவு நாலு மீட்டர்! எந்த வீட்டில் அவ்வளவு பெரிய மேசை இருக்கிறது? அதனால் பொம்மைத் தண்டவாளத்தின் வளைவுகள் 36 சென்டிமீட்டர் ஆரத்திலிருந்தே கிடைக்கின்றன. நிஜ அளவுக்கு மாற்றினால் அது வெறும் 31 மீட்டர். நீளமான பெட்டி அப்படிப்பட்ட வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமும் மூலைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் சில கம்பெனிகள் பெட்டியின் உயரத்தையும் அகலத்தையும் 87-ஆல் வகுத்துவிட்டு, நீளத்தை மட்டும் நைசாக 100-ஆல் வகுக்கின்றன. நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது. சின்ன மேசைக்காரர்கள் விரும்பி வாங்குவார்கள்.

சேகரிப்பாளர்களின் செல்லமான 'முதலை' இன்ஜினின் ரகசியம் இந்த வளைவில்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலைப்பாதையில் சரக்கு இழுக்க 1919 முதல் செய்யப்பட்ட மின்சார இன்ஜின் அது. முன்னும் பின்னும் நீண்ட மூக்கு, நடுவே ஓட்டுநர் அறை. மூக்குக்குள் மோட்டார்கள், நடுவில் கனமான மின்மாற்றி. மூன்று துண்டுகளும் மூட்டு வைத்து இணைந்திருப்பதால் மலை வளைவுகளில் முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த மூட்டுகள்தான் மாதிரிக்கும் கைகொடுத்தன. இவ்வளவு நீளமான இன்ஜின் 36 சென்டிமீட்டர் வளைவில் அனாயாசமாகத் திரும்புவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? மார்க்லின் 1947-இல் 1:87 அளவுக்கு ஒட்டிய முதலையை வெளியிட்டது. பிறகு எத்தனையோ வடிவங்களில் அது வந்துகொண்டே இருக்கிறது.

நிஜ முதலையின் உடலைச் செய்த தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் இருந்த எஸ்.எல்.எம். நம் நீலகிரி மலை ரயிலின் 'எக்ஸ்' வகை நீராவி இன்ஜின்களைச் செய்ததும் அதே தொழிற்சாலைதான். மேட்டுப்பாளையம்–உதகை பாதை மீட்டர் கேஜ். 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. சுவிஸ் மீட்டர் கேஜ் மாதிரிகளுக்காக ஐரோப்பாவில் விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்திவிடும். பிராட் கேஜ் தராத வசதியை மலை ரயில் தருகிறது!

இன்னொரு கணக்கு, எடைக் கணக்கு. முதலை இன்ஜினின் எடை சுமார் 128 டன். அதன் மாதிரி எவ்வளவு எடை இருக்க வேண்டும்? 128 டன்னை 87-ஆல் வகுத்தால் ஒன்றரை டன் வரும். மேசை உடைந்துவிடுமே! நீளம், அகலம், உயரம் மூன்றுமே 87 மடங்கு குறைகின்றன அல்லவா? அதனால் எடையை மூன்று தடவை வகுக்க வேண்டும். 87 × 87 × 87 = 6,58,503. இப்போது வகுத்தால் 200 கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது.

உண்மையில் அந்த எடை போதாது. சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்துதான் மின்சாரத்தை எடுக்கின்றன. இன்ஜின் லேசாக இருந்தால் ஒரு தூசி குறுக்கே வந்தாலே தொடர்பு விட்டுப்போய், விட்டு விட்டு ஓடும். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். பிளாஸ்டிக் இன்ஜினுக்குள் உலோகக் கட்டியை ஒளித்துவைப்பது இதற்காகத்தான். அனுபவசாலிகள் வாங்கும் முன் இன்ஜினைக் கையில் தூக்கிப் பார்ப்பதும், உலோக வார்ப்பில் செய்ததையே தேடுவதும் அதனால்தான்.

எண்ணும் எடையும் முடிவான பிறகு வருடம். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் ரயில் வரலாற்றைக் காலகட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் ரயில் பிரியர்கள் பலருக்கு மூன்றாம் காலகட்டம், அதாவது ஏறக்குறைய 1949 முதல் 1970 வரை, உயிர். நீராவி, டீசல், மின்சாரம் மூன்றும் ஒரே நிலையத்தில் நின்ற காலம் அது. ஒரு மேசையில் மூன்றையும் ஓட்டலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது. அதற்குள்ளும் துப்பறிவார்கள். பெட்டியின் பக்கவாட்டில் '3' என்று மூன்றாம் வகுப்பு எண் இருந்தால் அது 1956 ஜூன் 3-க்கு முந்தைய பெட்டி. பெரும்பாலான ஐரோப்பிய ரயில்களில் மூன்றாம் வகுப்பை ஒழித்த நாள் அது.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் ரயிலை ஓட்டுபவர்கள். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பழசைச் சேர்ப்பவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு அரிதாக இருக்க வேண்டும். எது அரிதாகும்? அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957-இல் சிறுமிகளுக்கென்று ஒரு ரயில் செய்தது. இளஞ்சிவப்பு நீராவி இன்ஜின், பின்னால் வெளிர் வண்ணப் பெட்டிகள். நிஜ ரயிலில் ரோஸ் இன்ஜினை யார் பார்த்திருக்கிறார்கள்? ரயில் பிடித்த சிறுமிகளுக்கு நிஜ ரயில் போன்ற ரயில்தானே வேண்டும்! அது விற்கவில்லை. விற்காததால் மிஞ்சியது குறைவு, குறைவானதால் இன்று அதற்கு நல்ல விலை. லயனலே பிற்காலத்தில் அதை மறுபடி செய்து விற்றது.

வேறு சில ரயில்கள் அரிதானதற்குக் காரணம் வேதியியல். கனமான இன்ஜின் வேண்டும் என்று அக்காலத்தில் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றினார்கள். கொப்பரையில் துளி ஈயம் கலந்துவிட்டால், குடம் பாலில் விழுந்த விஷம்தான். வார்த்த உடனே ஒன்றும் தெரியாது. ஈயம், உலோகத்தின் நுண்படிகங்களுக்கு இடையிலான எல்லைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரம் அந்த எல்லைகள் வழியே உள்ளே அரிக்கும். அரித்துத் தின்ற பொருளுக்கு முன்பைவிட அதிக இடம் வேண்டும். எனவே வார்ப்பு உப்பும், வளையும், வெடிக்கும், கடைசியில் விரல் பட்டாலே பொடியாகும். ஐம்பது வருடம் கண்ணாடிப் பேழையில் பத்திரமாக வைத்த இன்ஜினுக்கும் இது நடக்கும். ஒரு இன்ஜினிலிருந்து பக்கத்து இன்ஜினுக்குத் தொற்றாது, ஆனால் வந்துவிட்டால் மருந்தும் கிடையாது.

1929-இல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 99.99 சதவீதம் தூய்மையான துத்தநாகத்தில் புதிய கலவைகளை உருவாக்கியது. இன்றைய தரத்தின்படி ஈயம் லட்சத்தில் ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது. எல்லாப் பொம்மைத் தொழிற்சாலைகளும் உடனே திருந்திவிடவில்லை என்பதால் அதற்குப் பிந்தைய ரயில்களிலும் இந்த நோய் உண்டு.

அதனால் பழைய வார்ப்பு இன்ஜினை வாங்க வருபவர் மேலே பூசிய வண்ணத்தில் மயங்குவதில்லை. இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி, சக்கரங்களில் தலைமுடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். அடிச்சட்டத்தின்மேல் ஒரு ஸ்கேலை வைத்து, அது வளைந்து நீண்டிருக்கிறதா என்று சோதிப்பார். தகரத்தை வளைத்துச் செய்த பழைய பெட்டிகளுக்கு இந்தப் பயம் இல்லை. அங்கே துருவை மட்டும் பார்த்தால் போதும்.